அனுபவசாலியின் பயோடேட்டாவில் பொழுதுபோக்கு: கணக்கில் எடுக்கலாமா?

தறிநூல் (கேள்வி):
செயல்பாட்டுப் பிரிவுக்கு மூத்த நிலையில் ஓர் ஆள் எடுக்க வேண்டும். கடைசிச் சுற்றுக்கு வந்த இருவருக்கும் 15 ஆண்டுக்கு மேல் அனுபவம். திறமையும் ஏறக்குறைய சமம். ஒருவர் மட்பாண்டம் வனைவதாகப் பயோடேட்டாவின் கடைசி வரியில் எழுதியிருக்கிறார். "வெளியே இவ்வளவு ஈடுபாடு இருந்தால் வேலையில் கவனம் சிதறும்" என்கிறது மேலிடம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இதை எப்படி மதிப்பிடுவது, நேர்காணலில் என்ன கேட்பது?

அச்சாணி:
கவனம் சிதறும் என்ற பயத்துக்கு ஆய்வு துணை நிற்கவில்லை. சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் கெவின் எஷ்ல்மன் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வில் 341 ஊழியர்களும் 92 அமெரிக்க விமானப்படை கேப்டன்களும் இருந்தார்கள். படைப்பு சார்ந்த பொழுதுபோக்கும் நல்ல பணித்திறனும் சேர்ந்தே காணப்பட்டன. ஆனால் அது தொடர்பு மட்டுமே, காரணம் அல்ல. மேலிடத்திடம் பேசும்போது அதைத் தாண்டி இழுக்காதீர்கள்.

மூத்தவர்களை எடுக்கும்போது இது ஏன் முக்கியம் என்பதற்கு உளவியலாளர் லூச்சின்ஸ் 1942இல் வெளியிட்ட ஜாடிக் கணக்கைப் பாருங்கள். 21, 127, 3 அளவுள்ள ஜாடிகள். 100 அளக்க வேண்டும். பெரியதை நிரப்பி, அதிலிருந்து 21ஐ ஒரு முறையும் 3ஐ இரு முறையும் எடுத்தால் 100. இதே வழியில் சில கணக்குகள் போட்டுப் பழகியவர்களிடம் 23, 49, 3 ஜாடிகளைக் கொடுத்து 20 கேட்டால், பெரும்பாலோர் மறுபடியும் அந்தச் சுற்றுவழியில்தான் போகிறார்கள். 23இல் 3 போனால் 20 என்பது கண்ணில் படுவதில்லை.

நீண்ட அனுபவத்தின் பலமும் ஆபத்தும் இதுதான். மண்ணிடம் பதவி எடுபடாது. அங்கே தோற்று, காரணம் தேடி, திருத்திப் பழகியவர் அலுவலகத்திலும் "இதற்கு வேறு வழி உண்டா" என்று கேட்க வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு. நீங்கள் தேட வேண்டியது அந்தப் பழக்கத்தை, மட்பாண்டத்தை அல்ல.

உளிமுனை:
பொழுதுபோக்கின் பெயருக்கு மதிப்பெண் போட்டால், நேர்காணல் எடுப்பவர் தன்னைப் போன்ற ஆளையே தேர்ந்தெடுப்பார். சமூகவியலாளர் லாரன் ரிவேராவின் 2012 ஆய்வு உயர்மட்ட நிறுவனங்களில் இதைத்தான் கண்டது. ஆகவே இருவரிடமும் ஒரே கேள்வி: "வேலைக்கு வெளியே நீங்களாகவே செய்த ஒன்றைச் சொல்லுங்கள். எங்கே கெட்டது? ஏன்? அடுத்த முறை எதை மாற்றினீர்கள்?" 10 நிமிடம் போதும்.

நல்ல பதில் இப்படி இருக்கும்: "கோப்பையின் கைப்பிடி ஒட்டிய இடத்தில் விரிசல் விட்டது. கைப்பிடி மெல்லியது என்பதால் முந்திக் காய்ந்து சுருங்கிவிட்டது. கோப்பையில் ஈரம் போகவில்லை. இப்போது இரண்டும் ஒரே பதத்துக்கு வந்த பிறகே ஒட்டும் இடங்களைக் கீறி, குழைத்த சேற்றைத் தடவி ஒட்டுகிறேன். பாலித்தீன் போட்டு மூடி, இரண்டு நாள் மெதுவாக உலரவிடுகிறேன்." எங்கே, ஏன், என்ன மாற்றம் என எல்லாம் அதில் இருக்கிறது. "மண் சரியில்லை" என்பதோடு நிறுத்துபவரிடம் ஒரு முறை துருவிக் கேளுங்கள். "மனதுக்கு நிம்மதி" மட்டும் என்றால் அது உண்மைதான், ஆனால் மதிப்பிட எதுவும் இல்லை.

கைக்குழந்தையோ வயதான பெற்றோரோ உள்ளவருக்குப் பொழுதே மிஞ்சாது. வீட்டுக் குழாயைத் தானே பழுது பார்த்ததும் இந்தக் கேள்விக்குப் பதில்தான், குறைத்துப் போடாதீர்கள். மொத்த மதிப்பெண்ணில் இதற்கு 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். கனமான பங்கு, செய்துகாட்டச் சொல்லும் வேலை மாதிரிக்குப் போகட்டும். உளவியலாளர்கள் ஷ்மிட், ஹன்டர் இருவரின் 1998 ஆய்வுத் தொகுப்பில் பிற்காலப் பணித்திறனோடு வேலை மாதிரிக்கு இருந்த தொடர்பு 0.54 (1 என்றால் முழுத் தொடர்பு), அனுபவ ஆண்டுகளுக்கு வெறும் 0.18.

தறிநூல்:
நன்றி. ஒருவேளை அவரையே எடுத்தால், விருந்தினருக்குத் தரும் நினைவுப் பொருளை அவரையே செய்யச் சொல்லலாம் என்கிறது மேலிடம்.

அச்சாணி:
தயவுசெய்து வேண்டாம். 1973இல் உளவியலாளர்கள் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் காட்டியது இது: ஆசையாக வரைந்த சிறு குழந்தைகளுக்குப் பரிசு தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையவைத்தபின், தாமாக வரைவது குறைந்தது. ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தின் 2020 ஆய்விலும், தீவிரமாகச் செய்யும் பொழுதுபோக்கு வேலையை ஒத்திருந்தால் தன்னம்பிக்கை இறங்கியது. வேலைக்குத் தொடர்பில்லாமல் இருந்தபோதுதான் ஏறியது.

உளிமுனை:
ஒப்பந்தத்தையும் ஒரு முறை பாருங்கள். "ஊழியர் உருவாக்கும் அனைத்தும் நிறுவனத்துக்கே" என்ற பொதுவரி இருந்தால், சொந்த நேரத்தில் சொந்தப் பொருளால் செய்பவை அதில் சேராது என்று எழுத்தில் விலக்குங்கள். ஷிப்ட் பட்டியலை இரண்டு வாரம் முன்னதாகவே கொடுங்கள். பாதி உலர்ந்த மண் அவசரக் கூட்டம் முடியும்வரை காத்திருக்காது.