லீச்சியானஸ் மரப்பல்லி: தண்டையார்பேட்டை மாடி வீட்டில் கோடை தாங்குமா?

கேள்வி: தண்டையார்பேட்டை_24

வணக்கம். நியூ கலிடோனியா லீச்சியானஸ் (லீச்சி) ஒன்று வளர்க்க ஆசை. வீடு இரண்டாவது மாடி, மேலே மொட்டைமாடி. மே மாசம் ஃபேன் மட்டும் ஓடினால் அறைக்குள் மதியம் 36 டிகிரி காட்டுகிறது. படுக்கையறையில் ஒரு டன் ஏசி இருக்கிறது, இரவில் மட்டும் போடுவோம். மூன்றடி மீன்தொட்டியை நிமிர்த்தி வைத்தால் போதுமா? தீனி என்ன? தெரிந்தவர் ஒருவர், "டோக்கே வாங்கிக்கோ, அது சூடு தாங்கும்" என்கிறார். அது சரியா?

ராயபுரம்_ஊர்வன

டோக்கே வேண்டவே வேண்டாம். அது அசாம் முதலான வடகிழக்கு மாநிலங்களில் வாழும் நம் நாட்டுப் பல்லி. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதால் வீட்டில் வைத்திருப்பதே குற்றம். லீச்சி வெளிநாட்டு இனம்தான், ஆனால் அதுக்கும் விற்பவரிடம் இறக்குமதி ஆவணமோ, இங்கேயே பொரித்த குஞ்சு என்பதற்கான ஆதாரமோ எழுத்தில் கேளுங்க. சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள இனம் எதுவானாலும் அதே சட்டத்தின் 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதியணும். பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் வாங்கும் சமயத்தில் உள்ளதைப் பாருங்க. "பேப்பரெல்லாம் எதுக்கு" என்கிறவரிடம் வாங்காதீங்க.

இனி சூடு. லீச்சிக்கு உகந்தது 22 முதல் 26 டிகிரி. 28-ஐத் தாண்டினால் தீனியை ஒதுக்கும். 30-க்கு மேல் மணிக்கணக்கில் இருந்தால் உயிருக்கே ஆபத்து. வெளிநாட்டுக் குறிப்புகள் ஹீட்டரைப் பற்றிப் பக்கம் பக்கமாகச் சொல்லும். வடசென்னையில் மார்கழி இரவுக்குக்கூட அது தேவைப்படாது.

உங்க வீட்டுச் சிக்கல் நேரம்தான். லீச்சி பகலில் பொந்துக்குள் அடைந்து தூங்கும், இரவில் உலாவும். நீங்க ஏசி போடுவது இரவில். பல்லிக்குக் குளிர்ச்சி வேண்டியது காலை பத்து மணி முதல். மொட்டைமாடித் தளம் பகலில் வாங்கிய வெயிலை ராத்திரியிலும் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். ஆக, அறை 28-ஐத் தாண்டும் நாளெல்லாம் பகலிலும் ஏசி 25-ல் ஓடணும். இந்தப் பல்லி 20 வருஷத்துக்கு மேல் வாழும். அத்தனை கோடைக்கும் கரண்ட் பில் கட்ட முடியும் என்றால் மட்டும் இறங்குங்க.

பெட்டியை மேற்குச் சுவரை ஒட்டியோ பரண் உயரத்திலோ வைக்காதீங்க. தரையிலிருந்து ஓரடி உயரம், ஏசி காற்று நேராகப் படாத மூலை. தெர்மாமீட்டரின் புரோப் (சூட்டை அளக்கும் கம்பிமுனை) பல்லி தூங்கும் குழாய்க்குள் இருக்கணும். சுவரில் மாட்டிய கருவி காட்டுவது அறையின் சூடு, பல்லி படும் சூடு இல்லை.

கொளத்தூர்_கண்ணாடி

மீன்தொட்டியை நிமிர்த்தினால் காற்றோட்டம் இருக்காது, ஈரம் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும். கொளத்தூரில் தொட்டி செய்பவர்களிடமே அளவு கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள்: 2 அடி அகலம், 2 அடி ஆழம், 3 அடி உயரம். முன்பக்கம் அலுமினியச் சேனலில் தள்ளுகதவு. கதவுக்குக் கீழே 2 அங்குலப் பட்டையாக ஸ்டீல் வலை, மேல்மூடி முழுவதும் ஸ்டீல் வலை. காற்று கீழே நுழைந்து மேலே போகும். நைலான் கொசுவலை வேண்டாம், நகம் சிக்கி விரல் பிய்யும். பூஞ்சைமருந்து கலக்காத மீன்தொட்டி சிலிகானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒட்டியபின் காடி வாடை அறவே போகும்வரை, குறைந்தது ஒரு வாரம், காயவிடுங்கள்.

உள்ளே நிறுத்திக் கட்டிய பொந்துக்குழாய் இரண்டு அவசியம். கார்க் மரப்பட்டை இங்கே அரிது. தடித்த மூங்கில் போதும். அல்லது ஒன்றரை அடி நீளத்தில் 4 அங்குல பிவிசி குழாய், விளிம்பை அரத்தால் மழுக்கி, உட்புறத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி வையுங்கள். உடம்பு இரண்டு பக்கமும் உரசும் அளவில் இருந்தால்தான் நிம்மதியாகத் தூங்கும். ஏறுவதற்கு மணிக்கட்டுத் தடிமனில் கொய்யாக் கிளை. மருந்தடிக்காத மரத்தில் வெட்டி, கொதிநீர் ஊற்றி, காயவைத்து வையுங்கள். அரளி, எருக்கு கிட்டவே வரக்கூடாது.

ஈரப்பதத்தில்தான் நம்மூர்க்காரர்கள் ஏமாறுகிறார்கள். வெளியே கடற்காற்றில் 75 சதவீதம் இருக்கும், ஏசி அறைக்குள் 50-க்கும் கீழே இறங்கிவிடும். விளக்கணைந்ததும் 80 வரும்வரை தெளியுங்கள், காலையில் லேசாக ஒரு தடவை. மதியத்துக்குள் இலையும் கண்ணாடியும் காய்ந்திருக்க வேண்டும். காயாமலே கிடந்தால் தோலில் புண் வரும். காய்ந்தே கிடந்தால் சட்டை முழுதாக உரியாமல் விரலிலும் வால்நுனியிலும் மோதிரம் போல இறுகி, ரத்த ஓட்டம் நின்று அந்த இடம் கருகும். அப்படி ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். துளையிட்ட டப்பாவில் ஈரத்துணி போட்டு 20 நிமிடம் விட்டு, பஞ்சுக்குச்சியால் மெல்ல உருட்டி எடுங்கள்.

தெளிக்க ஆர்ஓ தண்ணீர் நல்லது. போர் தண்ணீரின் உப்பு தெளிப்பான் முனையை அடைக்கும், கண்ணாடியில் வெள்ளை படியும்.

பெரம்பூர்_மரப்பல்லி

தீனி பத்தி யாரும் சொல்லல. அடிப்படை, மரப்பல்லிக்குன்னே விக்கிற பழப்பொடிதான் (ரெபாஷி, பாஞ்சியா மாதிரி கம்பெனி பொடி). ரெபாஷின்னா ஒரு பங்கு பொடி, ரெண்டு பங்கு தண்ணி. பெரிய பல்லிக்கு வாரம் மூணு ராத்திரி, 15 மில்லி அளவு. காலையில கிண்ணத்தை எடுத்துடுங்க, புளிச்சுடும். வாழைப்பழமும் தேனும் போதும்னு விட்டுடாதீங்க. வாழையில சுண்ணாம்புச்சத்தை விட பாஸ்பரஸ் ரொம்ப அதிகம், எலும்பு கரையும். தாடை மெத்துனு ஆகுறது, முதுகு வளையுறது, பிடி தளர்ந்து கீழ விழுறது இதெல்லாம் அதோட அறிகுறி. எப்பவாச்சும் குடுக்க பப்பாளி, அத்தி நல்லது.

அரோவனா மீனுக்கு விக்கிற சூப்பர்வார்ம் (ஒரு வண்டோட புழு) சுலபமா கிடைக்கும், ஆனா கொழுப்பு ஜாஸ்தி. மாசம் ரெண்டு தடவை, நாலஞ்சு, வைட்டமின் டி3 கலந்த கால்சியம் பொடியில புரட்டிக் குடுங்க. வீட்டுக் கரப்பான் வேண்டாம், மருந்து தின்னது எதுன்னு தெரியாது. சுவர்ப்பல்லியும் வேண்டாம், குடல்புழு தொத்தும். கொசுவத்தி, லிக்விட் அந்த ரூம்லயே கூடாது. மாநகராட்சி புகை அடிக்க வந்தா ஜன்னலைச் சாத்துங்க.

ஒரு பெட்டிக்கு ஒண்ணுதான். ஜோடி சேர்த்தா கடிச்சுக் குதறிக்கும். அறுந்த வால் திரும்ப வந்தாலும் பழைய வடிவத்துல வராது.

வந்த புதுசுல தரையில கிச்சன் பேப்பர் போதும், எச்சம் தெளிவா தெரியும். அதே நாள் எச்சத்தை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில குடுத்து புழு சோதனை பண்ணுங்க. வாரா வாரம் சமையல் தராசுல எடை போடுங்க. பத்துல ஒரு பங்கு குறைஞ்சா காத்திருக்காம காட்டுங்க.

தண்டையார்பேட்டை_24

நன்றி அண்ணே, எல்லாருக்கும். மதியம் கரண்ட் போனால்? இன்வெர்ட்டர் 900 விஏ.

ராயபுரம்_ஊர்வன

அது ஏசியை இழுக்காது. ஃபேனும் உதவாது, பல்லிக்கு வியர்வை கிடையாது. சூடான காற்றைத்தான் அதன்மேல் வீசும்.

ஃப்ரீசரில் ஒரு லிட்டர் பாட்டில் நாலு எப்பவும் உறைந்து இருக்கட்டும். கரண்ட் போனதும் அறைக்கதவைச் சாத்தி, இரண்டைத் துண்டில் சுற்றி மேல்வலை மீது படுக்க வையுங்க. குளிர்ச்சி தானாகக் கீழே இறங்கும். அப்படியும் குழாய்க்குள் 29 தொட்டால் தெர்மாகோல் பெட்டிக்கு மாற்றுங்க (காசிமேட்டில் மீன் கட்டும் வகைதான், புதுசா வாங்குங்க). பக்கவாட்டில் ஆறு துளை, உள்ளே ஈரத்துணி, ஒரு மூலையில் பாட்டில், பல்லி அதைத் தொடாமல் அட்டைத் தடுப்பு. 23-க்குக் கீழே போனால் பாட்டிலை எடுத்துடுங்க. அறை 27-க்கு வந்தபிறகு பழையபடி பெட்டிக்குள் விடலாம்.

பராமரிப்பு மின்தடையை வாரியம் முன்கூட்டியே அறிவிக்கும், அன்றைக்கு யாராவது வீட்டில் இருக்கணும். இன்னொன்று, கரண்ட் திரும்பியதும் உங்க ஏசி தானாக ஓடுகிறதா? மெயினை அணைத்துப் போட்டு இன்றைக்கே பாருங்க. சில மாடல்களில் அந்த வசதியை ரிமோட்டில் தனியாக இயக்கி வைக்கணும்.