குண்டு பாயும் சோதனைக்கு எந்த ஜெல் நல்லது?

வணக்கம். அட்டன் பக்கம் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். தோட்டா தசைக்குள் போனபின் என்ன செய்யும் என்பதைக் கண்காட்சியில் காட்ட ஆசைப்படுகிறார்கள். துப்பாக்கியெல்லாம் கிடையாது, கவணும் சைக்கிள் பெயாரிங் குண்டும்தான்.

ஆய்வுகூடங்களில் தசைக்குப் பதிலாக 10 சதவீத ஜெலட்டினை 4 பாகை செல்சியஸில் வைத்துச் சுடுவார்கள். அதற்கு முன், ஜெலட்டின் சரியான பதத்தில் இருக்கிறதா என்று அறிய, 4.5 மில்லிமீற்றர் குண்டொன்றைச் செக்கனுக்கு 180 மீற்றர் வேகத்தில் விட்டு, எட்டரை சென்ரிமீற்றர் அளவில் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். நுவரெலியாக் குளிர்கூட அந்த 4 பாகைக்குப் போதாது, குளிர்சாதனப் பெட்டி வேண்டும்.

ஜெலட்டின் பன்றி அல்லது மாட்டிலிருந்து வருவது, அதனால் சில வீடுகளில் சங்கடம். கடல்பாசி மலிவுதான், ஆனால் இழுபடாது. குண்டு பட்டதும் பிளந்துவிடும். சவர்க்காரக் கட்டியில் குழி அப்படியே நிற்கும், ஆனால் வெட்டினால்தான் தெரியும். பிள்ளைகளுக்கோ போனில் ஸ்லோமோஷன் எடுக்க வேண்டுமாம்!

ஆகவே என் கண் ஜெல் மெழுகுதிரிக் கட்டியில். அது கனிய எண்ணெயில் செய்தது, கண்ணாடி மாதிரித் தெளிவு, குளிரூட்டவும் தேவையில்லை. கண்டியில் கிலோக் கணக்கில் எங்கே வாங்கலாம்? குமிழி இல்லாமல் பெரிய கட்டியாக வார்த்தவர்கள் யாராவது இருந்தால், எப்படி உருக்கினீர்கள் என்று சொல்லுங்களேன்.