புதுப்பிப்பு: மதராஸி கேம்ப் குடும்பங்களும் நரேலா வீடுகளும்

தில்லி ஜங்புராவில் தமிழர்கள் வாழ்ந்த குடிசைப் பகுதியான மதராஸி கேம்ப் 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டதை ஒட்டி நான் தொடங்கிய இழையில், அங்கிருந்தவர்களுக்கு மாற்று வீடு தரப்படும் தில்லியின் புறநகரான நரேலாவில் வீடு பெறும் குடும்பம் செலுத்தும் தொகை முழுவதும் வீட்டின் விலையே என்று எழுதியிருந்தேன், அது தவறு. தில்லி அரசின் 2015ஆம் ஆண்டு குடிசைவாசிகள் மறுவாழ்வுக் கொள்கைப்படி வீட்டுக்காகப் பயனாளி செலுத்தும் பங்கு 1,12,000 ரூபாய். கூடுதலாகச் செலுத்தும் 30,000 ரூபாய் ஐந்தாண்டுப் பராமரிப்புக்கானது. 2005இல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டத்தின் கீழ், மத்திய அரசும் தில்லி அரசும் சேர்ந்து நிதி அளித்துக் கட்டப்பட்ட வீடுகள் இவை.

என்னைக் குடைவது அந்த 30,000 ரூபாய்தான். சென்ற ஞாயிறன்று நரேலாவில் பெரியம்மாவுக்குக் கிடைத்த வீட்டுக்குப் போயிருந்தேன். பல ஆண்டுகள் ஆளில்லாமல் பூட்டிக்கிடந்த கட்டடம் என்பதால் குழாய்கள் துருவேறி, சமையலறைச் சுவர் முழுக்க ஓதம் ஏறியிருக்கிறது. (சுண்ணாம்பு அடித்தால் சரியாகிவிடும் என்றார் பார்வையிட வந்தவர்; அடித்த சுண்ணாம்பு பதினைந்து நாளில் உரிந்துவிட்டது.) குடியேறுவதற்கு முன்பே நேர்ந்த இந்தச் சேதத்தை, குடியேறியவரின் பராமரிப்புப் பணத்திலிருந்து சரிசெய்வது முறையாகாது என்பதே என் கருத்து. அதற்குத் தனி நிதி கேட்டு பெரியம்மா வீட்டுப் படிக்கட்டையே பயன்படுத்தும் குடும்பங்கள் மனு எழுதியிருக்கின்றன. பதில் வந்ததும் இதே இழையில் பதிவேன்.