லாம்புருஸ்கோ ஒயின் பொங்கி வழிஞ்சிடுச்சு, அடியில மண்டி. கெட்டுப்போச்சா?

மொதேனா மாணவன், காலை 10:40
அவசரம். வீட்டுக்கார அம்மா 1 மணிக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்காங்க. இங்க இத்தாலியில கிடைக்கிற நுரை ஒயின், லாம்புருஸ்கோ, ரெண்டு பாட்டில் வாங்கி வச்சிருந்தேன். ருசி பார்க்கலாம்னு ஒண்ணைத் திறந்தேன், பாதி மேஜையில. மிச்சம் ஒரே கலங்கல், அடியில மண்டி, வாயில வச்சா புளிப்பு. இன்னொண்ணையும் கொட்டிட்டு வேற வாங்கவா?

அடுப்பங்கரை
கொட்டாதீங்க! எந்த லாம்புருஸ்கோ? கார்க்கா, சோடா பாட்டில் மூடியா? எங்க வச்சிருந்தீங்க? முக்கியமா, அவங்க என்ன சமைக்கிறாங்க?

பலெர்மோ அண்ணை
தம்பி, இது சூட்டால வந்த வினை. ஹீற்றருக்குப் பக்கத்தில வச்சனீரோ? எனக்கும் ஒரு போத்தில் இப்பிடித்தான் போனது. இனிப்பானதா வாங்கினா புளிப்புக் கரைச்சலே இல்லை.

பழைய திராட்சை
'லாம்புருஸ்கோ' என்று மட்டும் எழுதிக் கேட்காதீர்கள் என்று எத்தனை முறை சொல்வது? அது ஒரே திராட்சை இல்லை, ஒரு குடும்பம். சொர்பாரா வெளிர்நிறம், நல்ல புளிப்பு. காஸ்தெல்வேத்ரோ பக்கத்து கிராஸ்பரொஸா கருஞ்சிவப்பு, துவர்க்கும். சாந்தா குரோச்சேயின் சலமினோ இரண்டுக்கும் நடுவில். மூன்றுக்கும் 1970-லேயே தனித்தனி டிஓசி, அதாவது இன்ன ஊர் ஒயின் என்ற சட்டப்படியான பெயர், வந்துவிட்டது. முதலில் லேபிளைப் படியுங்கள்.

மொதேனா மாணவன், 11:05
ஸாரி. 'லாம்புருஸ்கோ தி சொர்பாரா, செக்கோ'ன்னு இருக்கு, செக்கோன்னா இனிப்பில்லாதது. கீழ சின்ன எழுத்துல 'ரிஃபெர்மென்தாத்சியோனே இன் பொத்திலியா'. சோடா மூடிதான். ஆமா, ரேடியேட்டருக்கு மேல உள்ள அலமாரி. சைக்கிள் கூடையில கொண்டு வந்து உடனே திறந்தேன். சாப்பாடு தொர்தெல்லீனி (கறி அடைச்ச குட்டி பாஸ்தா) சூப், அப்புறம் பருப்போட ஸம்போனே.

அடுப்பங்கரை
அந்தச் சின்ன எழுத்துதான் விடை. பாட்டிலுக்குள்ளேயே ரெண்டாவது தடவை நொதிக்க விடுறாங்க. அந்த ஈஸ்ட்தான் மண்டி. பெரிய தொட்டியில நொதிக்க வச்சு வடிகட்டுறது தெளிவா இருக்கும், இது கலங்கலாத்தான் இருக்கும். கெட்டுப்போகல. சூடும் குலுக்கலும் சேர்ந்ததால பொங்கிடுச்சு.

இப்பவே வாளியில குழாய்த் தண்ணி பிடிச்சு, பாட்டிலை நிமிர்த்தி வச்சு, பால்கனியில வைங்க. ஃப்ரீசர் வேண்டாம், மறந்தா வெடிச்சிடும். 12 டிகிரி போதும். மூடியை லேசா நெம்பி, 'உஸ்'ஸுன்னு காத்துப் போற வரைக்கும் அப்படியே பிடிங்க. பாட்டிலை இடையில நிமிர்த்தாம ஒரே சாய்ப்புல ஜக்குல ஊத்தி, அடியில ரெண்டு விரல் அளவு விட்டுடுங்க.

புளிப்புக்குப் பயப்படாதீங்க. ஸம்போனே பன்றிக்கால் தோலுக்குள்ள கொத்துக்கறி அடைச்சு வேகவைக்கிறது, ஒரு துண்டுலயே உதடு பிசுபிசுன்னு ஒட்டும். அந்தக் கொழுப்பை அறுக்கிறது இந்தப் புளிப்பும் நுரையும்தான். இனிப்பு ஒயின் வச்சா ரெண்டாவது துண்டே திகட்டிடும்.

பழைய திராட்சை
ஸம்போனேவுக்கு கிராஸ்பரொஸாதான் சரி. அந்தக் கொழுப்புக்குத் துவர்ப்பும் வேண்டும். சொர்பாராவை சூப்புக்கும், மோர்ததெல்லா என்ற பன்றிக்கறித் தொத்திறைச்சிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுப்பங்கரை
சொர்பாராவும் ஸம்போனேவும் ஒரே மண்ணுல பிறந்ததுங்க. தாராளமா சேரும்.

மாந்தோவாக்காரன்
சூப் இருக்குன்னா எங்க ஊர் மாதிரி கிண்ணத்துலயே கொஞ்சம் லாம்புருஸ்கோ ஊத்திக் குடிச்சுப் பாருங்க. 'பெவ்ர் இன் வின்'னு பேரு. குளிருக்கு அதுக்கு ஈடே இல்ல.

பழைய திராட்சை
மணிக்கணக்கில் காய்ச்சிய சேவல் சூப்பில் ஒயினா? மொதேனாவில் அந்த அம்மா முன்னால் இதைச் செய்யவே வேண்டாம்.

மாந்தோவாக்காரன்
எங்க தாத்தா காலத்துல இருந்து செய்யறோம். லாம்புருஸ்கோ மாந்தோவானோன்னு எங்களுக்கும் டிஓசி இருக்கு. உங்க ஊருக்கு மட்டும் சொந்தமில்ல.

பலெர்மோ அண்ணை
சண்டையை விடுங்கோ. தம்பியின்ர போத்தில் குளிர்ந்திட்டுதோ?

மொதேனா மாணவன், மாலை 5:20
பொங்கல. மண்டியை ஒதுக்கி ஊத்தப் போனேன், அம்மா பாட்டிலை வாங்கி ஒரு சுத்துச் சுத்திக் கலக்கியே ஊத்தினாங்க. அவங்க அப்பா அப்படித்தான் குடிப்பாராம். ஸம்போனே ஒரு துண்டு மிச்சமில்ல. எல்லாருக்கும் நன்றி.

மாந்தோவாக்காரன்
சூப்புல ஊத்தினீங்களா?