பிக்காசோவின் 'கண்ணாடி முன் பெண்': மஞ்சள் முகத்தை எப்படி விளக்குவது?

செந்தூல் மாணவி:
வணக்கம். எஸ்.டி.பி.எம். (மலேசிய உயர்நிலைப் பள்ளித் தேர்வு) காட்சிக்கலைக்கு இந்த ஓவியம் பற்றிப் பத்து நிமிடம் பேசணும். முகத்தில் பாதி மஞ்சள், பாதி வெளிர் ஊதா. கண்ணாடியில் தெரியும் முகமோ இருண்டு கிடக்கிறது. "இளமை, முதுமை, மரணம்" என்றுதான் எங்கும் எழுதியிருக்கிறார்கள். அது போதுமா? மஞ்சளை மங்கலம் என்று சொல்லலாமா?

பினாங்குத் தூரிகை:
போதாது தங்கச்சி. குறியீட்டில் ஆரம்பித்தால் இரண்டு நிமிடத்தில் சரக்கு தீர்ந்துவிடும். வடிவத்தில் தொடங்குங்கள். ஓர் அட்டையால் மஞ்சள் பகுதியை மறைத்துப் பாருங்கள். மிஞ்சுவது அமைதியான பக்கவாட்டு முகம். அட்டையை எடுத்தால் அதே முகம் நேராக நம்மைப் பார்க்கும். ஊதாப் பகுதி வழவழப்பாக இருக்க, மஞ்சளில் தூரிகைத் தடம் கரடுமுரடாகத் தெரிகிறது. கன்னத்தில் சிவப்பு, உதட்டுச் சாயம், கண்ணருகே பச்சை. ஒப்பனை இட்ட பக்கம், இடாத பக்கம் என்று இங்கிருந்து பேசினால் ஆதாரம் கையிலேயே இருக்கும்.

தடித்த கறுப்புக் கோடுகளையும் விட்டுவிடாதீர்கள். பாத்தேக் துணி ஓவியத்தில் மெழுகுக் கோடு சாயம் பரவாமல் தடுப்பதுபோல, இங்கே அவை நிறங்களைப் பிரித்து நிறுத்துகின்றன. நம் பாத்தேக் ஓவியர் சுவா தியன் தெங்கின் தாய்-சேய் ஓவியங்களைப் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். ஒரு வித்தியாசம்: மெழுகு நீங்கிய இடம் வெளுத்து நிற்கும், பிக்காசோவின் கோடு கறுப்பு.

பிரிக்பீல்ட்ஸ் வாசகன்:
வண்ணத்துக்கு ஒரு சோதனை. படத்தைக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாக்குங்கள். மஞ்சள் வெளிறியே நிற்கும், கண்ணாடிக்குள் இருக்கும் அடர் ஊதா இருண்டுவிடும். நிறச் சக்கரத்தில் எதிரெதிராக இருக்கும் இந்த இரண்டும் ஒளியிலும் எதிரெதிர். பகல்-இரவு, சூரியன்-நிலா என்று வாசிப்பவர்களுக்குப் பிடிமானம் அதுதான்.

கைப்பேசியில் இரவு ஒளி அமைப்பை முதலில் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஊதா பழுப்பேறும். அச்சிலும் ஊதாதான் முதலில் மங்கும். அசல் 162.3 × 130.2 செ.மீ., ஏறக்குறைய ஆளுயரம். ஏ4 தாளில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. தூரிகைத் தடத்துக்கு முகத்தை மட்டும் பெரிதாக்கித் தனியே அச்சிடுங்கள்.

மங்கலம் என்பது மஞ்சள் பூசிய முகம் பார்த்துப் பழகிய நம் கண்ணின் வாசிப்பு. "தமிழ்ப் பார்வையாளருக்கு இப்படித் தோன்றலாம்" என்று சொல்லுங்கள், ஓவியர் தலையில் கட்டாதீர்கள்.

பினாங்குத் தூரிகை:
ஒத்துக்கொள்கிறேன். இன்னொரு பொறியும் இருக்கிறது: உருண்ட வயிற்றைப் பார்த்ததும் "மாடல் கர்ப்பமாக இருந்தார்" என்பார்கள். ஓவியம் தீட்டியது 1932 மார்ச்சில். மாடல் மாரி-தெரேஸ் வால்டருக்கு மகள் மாயா பிறந்தது 1935இல். கருவளம் என்ற குறியீடாகப் பேசலாம், வாழ்க்கைக் குறிப்பாகப் பேசினால் ஆண்டுக் கணக்கு இடிக்கும்.

மரணம் என்ற வாசிப்பையும் ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். கண்ணாடி பார்க்கும் பெண்ணுக்கு மண்டையோட்டைக் காட்டுவது ஐரோப்பிய ஓவியத்தில் பழைய வழக்கம். ஆனால் இந்தப் பெண் பயந்து விலகவில்லை. கையை நீட்டிக் கண்ணாடியைத் தொடுகிறாள். மரணம் என்று மட்டும் சொல்பவர்கள் அந்தக் கைக்கு என்ன விளக்கம் தருவார்கள்? பேச்சில் மூன்று நிமிடமாவது அந்தக் கைக்கு ஒதுக்குங்கள்.