முதல் தடவை விரதம் இருக்கப்போறேன், அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்

எல்லாருக்கும் வணக்கம். ரத்த டெஸ்ட்ல எச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர்) 6.1 வந்துருக்கு, 5.7லேர்ந்து 6.4 வரைக்கும் சுகருக்கு முந்தின நிலையாம், ஸ்கேன்ல ஃபேட்டி லிவர் வேற. மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், சாப்பாட்டையும் நடையையும் பாத்துக்கங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். அதான் வர்ற ஏகாதசிக்கு அம்மாகூட நானும் இருந்து பாக்கலாம்னு தோணுது. அவங்க துளசி தீர்த்தம் மட்டும் குடிச்சுட்டு மறுநாள் துவாதசி காலைல அகத்திக்கீரை, நெல்லிக்காய் பச்சடியோட பாரணை பண்ணி விரதத்த முடிப்பாங்க, எனக்கு அவ்ளோ தாங்குமான்னு பயமா இருக்கு.

மொதல்ல ராத்திரி 8 மணிக்கு சாப்பாட்ட முடிச்சு மறுநாள் மதியம் 12 வரைக்கும் 16 மணி நேரம் பழகிட்டு அப்புறம் முழுநாள் போறதா, இல்ல நேரா இருந்துடலாமா? காலைல காபி இல்லேன்னா எனக்கு தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்கும், சர்க்கரை போடாத கடுங்காப்பி குடிக்கலாமா, உப்பு போட்ட நீர்மோர்? பலகாரம்னு ஜவ்வரிசி உப்புமா சாப்பிட்டா அதுவே முழு மாவுச்சத்து, அதனால அது வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன்.

சுகர் மாத்திரை, இன்சுலின் எடுக்கறவங்களுக்கு லோ சுகர் ஆயிடலாம், அவங்க டாக்டர கேக்காம இருக்கக்கூடாதுன்னு தெரியும். மாத்திரை இல்லாம என்ன மாதிரி நிலைமைல இருந்து பாத்தவங்க யாராவது இருக்கீங்களா? தலைசுத்தல் வந்தா எந்த கட்டத்துல நிறுத்தணும், முடிக்கறப்ப மொதல்ல என்ன சாப்பிட்டீங்க, இத மட்டுமாவது சொல்லுங்க.