மாண்டிசோரி வகுப்பும் வழக்கமான எல்கேஜியும்: உண்மையில் எங்கே வேறுபடுகின்றன?

மதுரைப் பெற்றோர் கேட்டது:
மூன்று வயதுக் குழந்தைக்குப் பள்ளி பார்க்கிறோம். அருகில் இரண்டு இருக்கின்றன. ஒன்று வழக்கமான ப்ரீகேஜி, எல்கேஜி. இன்னொன்றின் போர்டில் மாண்டிசோரி என்று இருக்கிறது. ஃபீஸ் ஏறக்குறைய இரண்டு பங்கு. அலமாரி நிறைய மரத்தால் செய்த கற்றல் சாமான்கள். அதைத் தவிர வகுப்பில் என்ன வித்தியாசம்? நேரில் போனால் எதைக் கவனிக்க வேண்டும்? ஒன்றாம் வகுப்புக்கு வேறு பள்ளி மாறினால் திணறுமா?

பாலர் வகுப்பு ஆசிரியை:
முதலில் கால அட்டவணையைக் கேளுங்கள். சாமான்களை யார் வேண்டுமானாலும் வாங்கி அடுக்கிவிடலாம். மாண்டிசோரி வகுப்பில் காலையில் சுமார் மூன்று மணி நேரம் மணி அடிக்காமல் ஒரே நீட்டாகப் போக வேண்டும். எந்த வேலையை எடுப்பது, எத்தனை முறை செய்வது, எப்போது திருப்பி வைப்பது எல்லாம் குழந்தையின் முடிவு. ஆசிரியர் ஒரு குழந்தைக்கோ இரண்டு மூன்று பேருக்கோ செய்து காட்டிவிட்டு விலகிக்கொள்வார். எல்கேஜியில் 30, 40 நிமிடத்துக்கு ஒரு பீரியட், எல்லோருக்கும் ஒரே பாடம். மனம் ஒன்றி உட்காரவே சில குழந்தைகளுக்கு அரை மணி ஆகும். அதற்குள் மணி அடித்துவிட்டால் ஒவ்வொரு நாளும் பாதியில் அறுந்துபோகும்.

அடுத்தது, தவற்றை யார் காட்டுகிறார்கள் என்பது. கைப்பிடி வைத்த உருளைகளைச் செருகும் மரக்கட்டைகள் நான்கு இருக்கும்; ஒவ்வொன்றிலும் 10 உருளை, 10 குழி. ஒன்றை இடம் மாற்றிப் போட்டால் கடைசியில் ஓர் உருளை எதிலும் பொருந்தாமல் கையில் நிற்கும். குழந்தை தானே பின்னால் போய்த் தேடும். பிங்க் டவரில் 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை 10 கனசதுரங்கள். எல்லாமே ஒரே நிறம், அளவு மட்டும் கண்ணில் படவேண்டும் என்பதற்காக. வானவில் நிறத்தில் வைத்திருந்தால் அதன் நோக்கமே போய்விட்டது.

சொல் கற்பிப்பது மூன்று படியில். 'இது சொரசொரப்பு, இது வழவழப்பு' என்று தொட வைத்துப் பெயர் சொல்வது. பிறகு 'வழவழப்பானதைக் காட்டு'. கடைசியில்தான் 'இது என்ன?'. இரண்டாம் படியில் தவறினால் 'தப்பு' என்று சொல்வதில்லை. அன்றைக்கு முடித்துக்கொண்டு இன்னொரு நாள் முதலிலிருந்து. பல பள்ளிகளில் நேராக மூன்றாம் படிக்குத் தாவி, குழந்தையைத் திருதிருவென விழிக்க வைக்கிறார்கள்.

மாண்டிசோரி என்ற பெயரை யாரும் போர்டில் எழுதலாம். ஆசிரியர் எங்கே, எத்தனை மாதம் பயிற்சி எடுத்தார் என்று தயங்காமல் கேளுங்கள். நம் ஊருக்கு இது புதிதும் அல்ல. 1939-இல் இந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரியே சென்னை அடையாறு வந்து பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கியிருந்தார்.

கணக்கு டீச்சர்:
கணக்கில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். எல்கேஜியில் 1 முதல் 100 வரை எழுத்தாக வரும், அளவு கையில் வராது. மாண்டிசோரி வகுப்பில் எண்ணக் கொடுக்கும் பொன்மணிகளில் ஒன்று என்பது ஒரு மணி, பத்து என்பது கம்பியில் கோத்த 10 மணி, நூறு என்பது 10 கம்பி சேர்ந்த சதுரம், ஆயிரம் என்பது 10 சதுரம் அடுக்கிய கனசதுரம். ஆயிரத்தைத் தூக்கும்போதே அதன் கனம் கைக்குத் தெரிந்துவிடுகிறது.

42 − 17 கொடுங்கள். ஏட்டுக் கணக்கு மட்டும் பழகிய பிள்ளைகளில் பலர் 35 என்று எழுதுவார்கள். 7-இலிருந்து 2-ஐக் கழித்துவிட்டார்கள். மணிகளில் இந்தத் தவறு நடக்காது. கையில் 2 மணிதான் இருக்கிறது, 7 எடுக்க முடியாது. ஒரு பத்துக் கம்பியைக் கொடுத்து 10 மணி மாற்றிக்கொண்டு வந்தால் 12 ஆகும். 7 போக 5, மூன்று கம்பியில் ஒன்று போக 2. 'கடன் வாங்குதல்' என்று நாம் சொல்வது உண்மையில் சில்லறை மாற்றுவதுதான்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். கணக்கு அலமாரிப் பக்கமே போகாத குழந்தை இருக்கும். ஆசிரியர் தினமும் குறிப்பு எழுதி, அந்தக் குழந்தையைத் தானே அழைத்துச் செய்து காட்டாவிட்டால் ஆறு மாதம் அப்படியே ஓடிவிடும். குறிப்பேட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

தமிழ் எழுத்து ஆர்வலர்:
தமிழ் எப்படிக் கற்பிக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். விரலால் தடவிப் பழக உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகள் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கும் பள்ளிகள் நிறைய. தமிழுக்குச் செய்யும்போது நைசான தாள் வேண்டும்; சொரசொரப்பு அதிகமானால் விரல் எரிந்து குழந்தை தொடவே வராது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்த்து, எழுதும் திசையிலேயே தடவ வேண்டும். ட, ப போன்ற நேர்கோட்டு எழுத்துகள் முதலில்.

ஆங்கில முறையை அப்படியே பெயர்த்தால் மூன்று இடத்தில் இடறும். 'கல்', 'மகன்', 'தங்கம்' மூன்றிலும் க-வின் ஒலி வேறு. ஆகவே சொல்லின் முதலில் வரும் ஒலியை வைத்தே தொடங்க வேண்டும். 'செடி' என்று சொல்லிப் பார்த்து, வெட்டி வைத்த எழுத்துகளை அடுக்கும் குழந்தைக்கு ச் முதலிலும் எ பிறகும் கேட்கிறது. அதனால் ஒற்றைக்கொம்பை வலப்பக்கம் வைக்கும். அது கவனக்குறைவு அல்ல, காது சொன்னதைக் கை செய்கிறது. கொம்பு போடும் எழுத்துகளைத் தனியாக, தாமதமாகக் காட்டினால் போதும். கு, சு, டு, து எல்லாம் வெவ்வேறு வடிவம் என்பதால் அவற்றை முழு எழுத்தாகவே வெட்டி வைக்க வேண்டும்.

மதுரைப் பெற்றோர்:
மிக்க நன்றி. பள்ளி மாற்றம் பற்றியும் யாராவது சொல்லுங்களேன்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்:
பாடத்தில் பெரும்பாலும் சிரமம் இராது. போர்டைப் பார்த்து எழுதும் வேகம், நாலு கோடு நோட்டு, கேட்டுவிட்டுத்தான் எழ வேண்டும் என்ற விதி, இவற்றில்தான் முதல் சில வாரம் தடுமாறும். மே மாதம் தினமும் பத்து நிமிடம், சற்றுத் தள்ளி மாட்டிய சிலேட்டைப் பார்த்து நான்கைந்து வரி எழுதிப் பழக்குங்கள்.

நடுவில் மட்டும் மாற்றாதீர்கள். மாண்டிசோரியில் 3 முதல் 6 வயது வரை ஒரே அறையில் இருப்பது ஒரு கணக்கோடுதான். முதல் இரண்டு ஆண்டு பார்த்தும் தொட்டும் சேர்த்தது மூன்றாம் ஆண்டில்தான் வாசிப்பாகவும் கணக்காகவும் வெளிவரும். சின்னவர்களுக்குச் செய்து காட்டுவதும் அப்போதுதான். யுகேஜிக்கு வேறு பள்ளி என்று எடுத்துவிட்டால் அந்த ஆண்டு போய்விடும். மூன்று ஆண்டு ஃபீஸ் கட்ட முடியாது என்றால் வழக்கமான பள்ளியிலேயே சேர்த்து, வீட்டில் பருப்பை ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றுவது, பிறகு தண்ணீர், பொத்தான் போடுவது, துணி மடிப்பது என்று கொடுங்கள்.

பார்க்கப் போவதானால் காலை பத்து மணிக்குப் போய் அரை மணி ஓரமாக உட்காருங்கள். சும்மா சுற்றும் ஒரு குழந்தையிடம் ஆசிரியர் என்ன செய்கிறார் என்று பாருங்கள்.